ஒரே ஒரு கிள்ளு வாங்கிய படம்

எங்கள் ஊரில் சினிமாவுக்கு மார்க் போடுகிறவர்கள் யாரும் கிடையாது. கிள்ளுக் கணக்குதான். அந்தக் கணக்கு முழுவதும் என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்தது என்பதை இன்றைக்கும் கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, கல்யாணமாகி மணலூர்பேட்டைப் பக்கம் போன இரண்டே வருஷத்தில் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் எல்லோரும் "ஒத்துவரல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்குக் கத்தரிக்காய் ஒத்துவராது. அத்தைக்குப் புருஷன் ஒத்துவரவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அத்தை வாரம் முழுக்கக் கழனியில் களை எடுப்பாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போய்ச் சிரிப்புப் படம் பார்ப்பாள். சோகப் படத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள். "அழுவுறதுக்கு எதுக்குடி பஸ் ஏறணும்? வூட்லயே அழுவலாமே" என்பாள்.

சிக்கல் அவளுடைய சிரிப்பில் இருந்தது. பம்பு செட்டில் முதல் தண்ணீர் வருகிற மாதிரி தொண்டைக்குள் இரண்டு மூன்று தடவை திக்கும், அப்புறம் குபுகுபுவென்று கொட்டும். நிறுத்த அவளாலேயே முடியாது. ஒருமுறை தியேட்டரில் அதைக் கேட்ட சொந்தக்காரர் ஒருவர் நேராக அப்பாவிடம் வந்து வத்தி வைத்துவிட்டார்.

"பொம்பள சிரிச்சா போச்சு, பொகையில விரிச்சா போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று அப்பா குதித்தார். "இன்னொரு தபா எவனாச்சும் எங்கிட்ட வந்து சொல்லட்டும், அப்புறம் சினிமாவும் கெடையாது, டவுனும் கெடையாது."

பெண்பிள்ளை தனியாகச் சினிமாவுக்குப் போகக் கூடாது என்று துணைக்கு அனுப்பப்பட்டவள் நான். அன்றிலிருந்து எனக்குக் கூடுதல் பதவி கிடைத்தது. "ஜாஸ்தியா சிரிச்சான்னா தொடையில கிள்ளு. கம்மியா சிரிச்சா வுட்டுடு. எத்தினி தபா கிள்ளுனன்னு வந்து சொல்லணும்" என்றார் அப்பா. இடைவேளையில் எனக்குப் பப்ஸ் வாங்கித் தருவது யார் என்பதை அவர் யோசிக்கவில்லை. முதல் பாதியில் பலமாகவும், பப்ஸ் சாப்பிட்டபின் பூப்போலவும் கிள்ளுவேன்.

திங்கட்கிழமை காலையில் கழனியில் குனிந்த தலையை நிமிர்த்தாமலே பெண்கள் கேட்பார்கள். "இன்னாடி, புதுப் படம் எத்தினி கிள்ளு?"

அத்தை அங்கே பெரிய நீதிபதி. "பேய்ப் படம் ஒம்போது கிள்ளு. பேய் வந்தா சிரிப்பு, ஹீரோ வந்தா கொட்டாவி. பேசாம பேயவே ஹீரோவா போட்டிருக்கலாம்." இன்னொரு படத்துக்கு நாலு கிள்ளு. "மொதல் பாதி தேவல. ரெண்டாவது பாதியில எல்லாரும் திருந்திட்டானுங்க, அங்கேயே படம் படுத்துக்கிச்சு." ஒரு படத்தில் குண்டாக இருந்த ஒரு பெண்ணைக் காட்டிக் காட்டித் தியேட்டரையே சிரிக்கவைத்தார்கள். அத்தை உதட்டைக்கூடப் பிரிக்கவில்லை. "ஒடம்பப் பாத்துச் சிரிக்கிறதுக்குப் பேரு காமெடியா? சைபர்" என்று சொல்லிவிட்டாள். மறுவாரம் அந்தப் படத்துக்கு எங்கள் ஊரிலிருந்து ஒருத்தியும் போகவில்லை.

அந்தப் பொங்கல் விடுமுறையில் போன படத்துக்குக் கூட்டம் நிரம்பி வழிந்தது. உட்கார்ந்ததும் அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தாள். இரண்டு வரிசை முன்னால் அவளுடைய மாமியார் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்தில் பார்த்த முகம், எனக்கும் அடையாளம் தெரிந்தது. மாமியாரும் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு வெடுக்கென்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் பாதி முழுக்க அத்தை சிலையாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கிள்ளுக்கும் வேலையில்லை. இடைவேளையில் எனக்குப் பப்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, "வூட்டுக்குப் போலாமாடி?" என்றாள். படம் முடியாமல் எழுந்து போவது அத்தையின் சரித்திரத்திலேயே கிடையாது.

"ஏன் அத்த?"

"அந்தம்மா முன்னால நான் சிரிக்க மாட்டேன். சிரிச்சா நாளைக்கே உங்கப்பன் காதுக்குப் போயிடும். இதுதான் கடைசி படம்னு ஆயிடும்."

அத்தையின் சினிமா போனால் என் பதவி போகும், பப்ஸ் போகும். "சிரிக்காமப் பாரு அத்த, நான் இருக்கேன்ல" என்று கெஞ்சி உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

இரண்டாவது பாதியில் ஒரு கோயில் பந்தி வந்தது. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் ஒரு பெரிய மனுஷன், யார் எங்கே உட்கார வேண்டும் என்று எல்லோரையும் அதட்டிக்கொண்டே நடந்து வருகிறான். கை கழுவிய ஈரத்தில் கால் வைக்கிறான். வழுக்குகிறான். பந்தி நடுவில் மல்லாந்து விழ, சாம்பார் வாளி அவன் தலையில் கவிழ்கிறது. தலையில் வாளியோடும் அவன் அதட்டுவதை நிறுத்தவில்லை.

தியேட்டரில் அங்கங்கே லேசாகச் சிரித்தார்கள், அவ்வளவுதான். நான் அத்தையைப் பார்த்தேன். முந்தானையை வாய்க்குள் திணித்திருந்தாள். முகம் சிவந்து கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தேன். அத்தை அழுது நான் பார்த்ததில்லை. பயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். தொடையில் பலங்கொண்ட மட்டும் ஒரு கிள்ளு.

முந்தானை வெளியே வந்து விழுந்தது. இரண்டு திக்கு. அப்புறம் மடை திறந்துவிட்டது.

முதலில் எங்கள் வரிசை திரும்பியது, பிறகு தியேட்டர் முழுக்கத் திரும்பியது. அத்தை சிரிப்பதைப் பார்த்து நாலு பேர் சிரிக்க, அந்த நாலு பேரைப் பார்த்து நாற்பது பேர் சிரிக்க, கடைசியில் திரையில் என்ன பேசுகிறார்கள் என்றே யாருக்கும் கேட்கவில்லை. நான் பயந்துகொண்டே முன்னால் பார்த்தேன். மாமியாரின் கொண்டை ஆடிக்கொண்டிருந்தது. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள், முன்சீட்டில் நெற்றியை முட்டி முட்டிச் சிரித்தாள்.

படம் விட்டதும் படிக்கட்டில் அவள் எங்களுக்காக நின்றிருந்தாள்.

"நீ இன்னும் மாறவே இல்லடி" என்றாள்.

"நீங்களுந்தான் சிரிச்சீங்க" என்றாள் அத்தை, தலையைக் குனியாமல்.

"பின்ன இன்னாடி பண்றது? அந்த வாளி… அப்படியேடி…" அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரிக்கத் தொடங்கினார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நான் கிள்ளுவதற்கு விரலை எடுத்தேன். யாரைக் கிள்ளுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அப்பாவிடம் அன்று உண்மையைத்தான் சொன்னேன். "ஒரு கிள்ளுப்பா." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பரவால்லியே, திருந்திட்டா." கழனியில்தான் குழப்பம். ஒரு கிள்ளுப் படத்துக்கு எதற்குப் போவது என்று பெண்கள் பின்வாங்கினார்கள். "இதுவரைக்கும் நான் பாத்ததுலயே இதான்டி நல்ல படம். இஷ்டம்னா போங்க, இல்லாட்டி களைய எடுங்க" என்றாள் அத்தை. அந்த வாரமே ஊர்ப் பெண்கள் ஒரு வேன் பிடித்துப் போனார்கள். அத்தை அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் போன பல படங்களில் மாமியார் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள்.

என் கல்யாணத்துக்கு முதல் நாள்தான் அம்மா எனக்கு அந்த "ஒத்துவரல"யை விளக்கினாள். மணலூர்பேட்டைப் பக்கத்து ஊர்த் திருவிழாவில் அத்தையின் புருஷன் ஊரையே அதட்டிக்கொண்டு பந்தி விசாரித்திருக்கிறார். ஈரத்தில் வழுக்கிச் சாம்பார் வாளியோடு விழுந்திருக்கிறார். ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஓடிப்போய்த் தூக்கவேண்டிய பெண்டாட்டி முதல் ஆளாகச் சிரித்துவிட்டாள். அன்று சாயங்காலமே பெட்டியை எடுத்து வெளியே வைத்தவள் மாமியார்.

அந்தப் பொங்கல் படம் பார்த்துவிட்டு அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்தாள். ஒரு கிள்ளுக்கு இவ்வளவு பலமா என்று நான் என் இரண்டு விரல்களையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.