போட்டி பார்க்குக்குப் போன புதன்கிழமை

மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில் வாக்கிடாக்கியில் "ஜனம் ஏத்து" என்று குரல் வந்தால், நாங்கள் சீருடையைக் கழற்றிவிட்டு, சொந்த உடுப்புக்கு மாறி, ரோலர் கோஸ்டரில் போய் உட்கார வேண்டும். காலியாகச் சுற்றும் வண்டியைப் பார்த்தால் வந்திருக்கிற நாலு பேரும் ஏறாமல் போய்விடுவார்கள் என்பது நிர்வாகத்தின் பயம். கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர், வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர், புல்லுக்குத் தண்ணீர் விடுகிற அக்கா என்று எல்லோரும் ஏறுவோம். கையைத் தூக்க வேண்டும், கத்த வேண்டும். தண்ணீர் விடுகிற அக்காவுக்கு மட்டும் கத்த வராது. கண்ணை இறுக மூடிக்கொண்டு "முருகா முருகா" என்று முனகிக்கொண்டே வருவார். அது கீழே நிற்பவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்று மேனேஜர் ஒருமுறை கவலைப்பட்டார்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஜனம் ஏறுவதைச் சொல்லவில்லை, கோஸ்டரைச் சொல்கிறேன். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே எனக்கு அது பைத்தியம். உலகத்தில் எங்கெங்கே எந்தெந்த வண்டி எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதைப் பாடப் புத்தகத்தைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தேன். மெக்கானிக்கல் படித்து முடித்ததும், கூடப் படித்தவர்கள் எல்லாம் பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி முன்னால் போய் உட்கார, நான் பாலவாக்கம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த அந்தப் பார்க்கில் பயிற்சி ஆளாகச் சேர்ந்தேன். மயிலாப்பூரில் என் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ராட்டினம் சுத்தறதுக்கா நாலு வருஷம் படிச்சே? ஆத்துக்கு வரவா கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்றாள். "ராட்டினம்னே சொல்லு" என்றேன்.

கோஸ்டருக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கண்ணாடி அறைக்குள் பேனலில் இருப்பார். இன்னொருவர் மேடையில் வண்டியோரமாக நடந்து, ஒவ்வொருவர் மடிமேலும் இறங்கியிருக்கும் கம்பியை இரண்டு தரம் மேலே இழுத்துப் பார்த்து, கடைசியில் கண்ணாடி அறையைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்குவார். அப்புறம்தான் பட்டனை அழுத்தலாம். மேடையில் நான். பேனலில் அண்ணன். எனக்கு உடன்பிறந்த அண்ணன் இல்லை, பட்டினப்பாக்கத்துக்காரர். முதல் நாளிலிருந்து அண்ணா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவர் என்னை "இன்ஜினியரம்மா" என்பார். கோபம் வந்தாலும் அதுதான், நான் காபி வாங்கிக் கொடுத்தாலும் அதுதான்.

மீன்பிடிக் குடும்பம் அவருடையது. ஆனால் அவருக்குப் படகில் ஏறினால் குமட்டும். அப்படியிருக்கக் கோஸ்டரில் மட்டும் எப்படி என்று கேட்டேன். "இது ஒரு நிமிசத்துல நின்னுடும். படகு நிக்குமா?" என்றார். பார்க்கில் வேலை கிடைத்ததும் ஃபைபர் படகில் தனக்கிருந்த பங்கைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, வலை காயப்போட்டிருந்த இடத்தில் எல்லோரும் கேட்க, "இனிமே மீன காசு குடுத்து வாங்கித்தான் துன்னுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். அந்த வசனத்தை எங்களுக்கும் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார். நாங்கள் சிரிப்போம். பார்க்கில் ஆட்குறைப்பு ஆரம்பித்த பிறகு அவர் அதை நடிப்பதை நிறுத்திவிட்டார். இந்த வேலை போனால் அந்தத் தம்பியிடம் போய்த்தான் நிற்க வேண்டும், அதே கரையில், அதே ஆட்கள் முன்னால்.

எங்களுக்குத் தெற்கே, அதே சாலையில், இன்னொரு பார்க் இருந்தது. அவர்கள் பெண்களுக்குப் பாதி விலை என்றால் நாங்கள் அடுத்த வாரமே பெண்களுக்கு இலவசம் என்போம். நாங்கள் மழை நடனம் வைத்தால் அவர்கள் நுரை நடனம் வைப்பார்கள். இந்த மல்லுக்கட்டில் இரண்டு பக்கமும் இளைத்துக்கொண்டே வந்தது. ஊர் ஜனம் மால்களுக்குள் ஏசியில் குதித்து விளையாடப் போய்விட்டது, வெயிலில் யார் வருவார்கள்? எங்கள் பக்கத்தில் முதலில் போனது பாண்டு வாத்தியக்காரர்கள். பிறகு கரடி வேஷம் போடுகிறவர் போனார். கரடி உடுப்பு மட்டும் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களில் யாராவது ஒருவர் அதை மாட்டிக்கொண்டு தி.நகரில் கூப்பன் கொடுக்கப் போவோம். எதிர் நடைபாதையில் அவர்களுடைய முயல் நிற்கும். ஒரு நாள் அண்ணன் கரடித் தலையைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு முயலோடு கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "இன்னா பேசிக்கினீங்க?" என்று அவர் பேச்சிலேயே கேட்டேன். "அவனுக்கும் உள்ள வேர்க்குதாம்" என்றார்.

அடுத்தது ரைடுகளில் கை வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்த வாரத்தில்தான் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். போட்டி பார்க்குக்குச் சும்மா வந்தவர்கள் மாதிரி போய், கூட்டம் எப்படி, எந்த ரைடு ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். அண்ணன் உடனே சரி என்றார். எனக்கு ஆச்சரியம். புதன்கிழமை காலை அவர் இஸ்திரி போட்ட சட்டையில், கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்து நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. உள்ளே அவருடைய ஐ.டி.ஐ. சான்றிதழின் ஜெராக்ஸ்.

"உளவு பாக்கப் போற எடத்துல வேலை கேக்கப் போறீங்களா?"

"எங்கியாவது ஒரு எடத்துல கேக்கணும் இல்ல. வாய மூடிக்கினு வா, இன்ஜினியரம்மா."

உள்ளே போனதும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. எங்களைவிடக் கூட்டம். அவர்கள் கோஸ்டர் எங்களுடையதைவிடப் பெரியது, இறங்கும்போது ஒரு திருப்பம் உண்டு, நான் வருஷக்கணக்காக ஏறிப் பார்க்க ஆசைப்பட்டது. வரிசையில் எங்களுக்கு முன்னால் இளைஞர்கள், இரண்டு பெண்கள், வயதான ஒருவர். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "இங்க ஜனம் கீது" என்றார் மெதுவாக, கவரைத் தட்டிக்கொண்டே.

ஏறி உட்கார்ந்தோம். கம்பி மடிமேல் இறங்கியது. எங்களுக்கு முன் வரிசையில் இருந்த பெண் தன் கம்பியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளுடையதையும் இரண்டு தரம் இழுத்தாள். அவளுக்கு முன்னால் இருந்த பையனும் அப்படியே. அந்த வயதானவர் தன் கம்பியை இழுத்துவிட்டு, கட்டைவிரலைப் பாதி தூக்கி, சட்டென்று இறக்கிக்கொண்டார். காசு கொடுத்து வருகிறவர்கள் யாரும் கம்பியை இழுத்துப் பார்ப்பதில்லை. போனை எங்கே வைப்பது என்றுதான் பார்ப்பார்கள்.

அண்ணன் என் காதருகே குனிந்தார். "இன்னாம்மா, அல்லாரும் நம்பளாட்டமே கீறாங்க."

மேடையில் இருந்த ஆபரேட்டர் தனி ஆள். வரிசையாகக் கம்பிகளை இழுத்துப் பார்த்துக்கொண்டே கடைசி வரை போனார். போய், கண்ணாடி அறையைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார். அறைக்குள் யாரும் இல்லை. கையை இறக்கிவிட்டு, அவரே நடந்து உள்ளே போய், அவரே பட்டனை அழுத்தினார்.

அந்தத் திருப்பம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் சரியான இடத்தில் கையைத் தூக்கினார்கள், சரியான இடத்தில் கத்தினார்கள்.

இறங்கியதும் முன் வரிசைப் பெண் நேராக எங்களிடம் வந்தாள். "நீங்க அந்தப் பார்க்குதானே?"

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"ரெண்டு பேரும் பக்கத்து சீட்டுக் கம்பிய இழுத்தீங்களே." அவள் சிரித்தாள். "எங்க சூப்பர்வைசர் உங்களப் பாத்துட்டு, ரெண்டு கஸ்டமர் வந்துகினு கீறாங்க, நல்லாக் கத்துங்கன்னாரு. தொண்ட வலிக்குது."

அந்த வண்டியில் டிக்கெட் வாங்கி ஏறியவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். அதையும் வாங்கிக் கொடுத்தது எங்கள் மேனேஜர்.

அண்ணன் அதற்குப் பிறகும் கவரோடு அந்தத் தனி ஆபரேட்டரிடம் போனார். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் பின்னாலேயே போனேன். "தம்பி, இங்க ரைடுக்கு ஆள் எடுக்கறாங்களா?" என்று கேட்டார். கிட்டத்தில் பார்த்தால் சின்னப் பையன், நாங்கள் யார் என்று அதற்குள் அவனுக்கும் தெரிந்திருந்தது. "அண்ணே, வர ஞாயித்துக்கெழம தி.நகர்ல கரடியப் பாத்து நானே உங்க பார்க்குல கேக்கலாம்னு இருந்தேன்" என்றான். கூட இருந்த ஆளை வேலையிலிருந்து நிறுத்தி மாதக்கணக்காகிறதாம். அண்ணன் கவரை நாலாக மடித்தார். மடிக்கும்போது அது சத்தம் போட்டது.

சாயங்காலம் மேனேஜர் அறையில் அண்ணன்தான் பேசினார். அவருக்குக் கோபம் தணியவில்லை. "கூட்டம்லாம் டூப்பு சார், அல்லாம் அவங்க ஆளுங்களே. அதுகூடப் பரவால்ல. கோஸ்டர்ல ஒத்த ஆளு சார். அவனே லாக் பாக்கறான், அவனே பட்டன் அமுக்கறான். ரொம்பத் தப்பு சார் அது. என்னிக்காவது ஒரு நாளு எவனாவது மாட்டப் போறான்."

மேனேஜர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "ஒரே ஆளா? எத்தனை நாளா?"

"மாசக்கணக்கா சார்."

"இதுவரைக்கும் ஏதாவது ஆச்சா?"

அண்ணன் நிறுத்தினார். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த இடத்தில் அவர் பொய் சொல்ல வேண்டும் என்று இருந்தது. "இல்ல சார். இதுவரைக்கும் ஒண்ணும் ஆவல" என்றார்.

மேனேஜர் எங்கள் இருவருக்கும் நன்றி சொன்னார், பெயர் சொல்லி, மரியாதையாக.

மறு வாரம் ஒவ்வொரு ரைடிலும் ஒரு ஆள் குறைந்தது. எங்கள் கோஸ்டரில் மிச்சம் வைத்தது என்னை. பயிற்சி ஆளுக்குச் செலவு குறைவு. நான் மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டேன். பேனலில் இருப்பவருக்குக் கம்பி பூட்டியதா என்று தெரியாது, மேடையில் இருப்பவருக்குப் பேனல் தெரியாது, அதற்காகத்தான் இரண்டு பேர் என்று படமெல்லாம் போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நல்லாச் சொல்றீங்க. அதனாலதான் உங்கள வெச்சிருக்கோம். அவங்க சமாளிக்கறாங்க, நம்மளால முடியாதா?" என்றார்.

அன்று பஸ்ஸில் நானும் அண்ணனும் சேர்ந்துதான் வந்தோம். அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது அவர் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், நான்தான்... துன்னேன்... இல்ல, லீவு இல்ல." நெற்றியை முன் சீட்டுக் கம்பியில் வைத்துக்கொண்டார். "காலைல படகு எப்போ தள்ற?... இல்ல, சும்மாதான் கேட்டேன்... வாந்திலாம் வராதுடா, மாத்திர போட்டுக்கறேன்."

அந்தப் பக்கம் வெகு நேரம் பேசியது. அவர் "உம்" என்றும் "சரி" என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு போனை வைத்தார்.

"என்ன சொன்னாரு?"

"திட்டல. திட்டுவான்னு நெனச்சேன்." கொஞ்சம் சிரித்தார். "இப்பல்லாம் மீனே இல்லியாம். டீசலுக்கே கட்டலியாம். அவனே ரெண்டு பேர நிறுத்திட்டு, பையனக் கூட்டிக்கினு போறானாம். வேணும்னா கரையில வந்து ஐஸ் ஒடைன்றான்."

"அந்த வேலையாவது கீதே அண்ணா."

"அதுக்கும் ஒரு ஆளு கீறானாம். அவன நிறுத்திட்டு என்ன வெச்சுக்கறானாம்."

பட்டினப்பாக்கம் நிறுத்தம் வந்தது. மீன் கூடைகளோடு சிலர் இறங்கினார்கள். அண்ணன் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார்.

"அண்ணா, உங்க ஸ்டாப்பு."

"தெரியுது" என்றார். "நீ எறங்கற எடத்துல எறங்கு. நான் கொஞ்ச தூரம் போயிட்டு வரேன்."

என் நிறுத்தத்தில் நான் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, நான் எழுந்த ஜன்னலோரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தார். பஸ் கிளம்பிக் கடற்கரைப் பக்கம் போனது.