வற்றாத ஊற்றை வற்றும் என்று எழுதினேன்

ஜவ்வாது மலையில் ஓர் ஊருக்கு வர இருந்த குடிநீரை நான் வேண்டுமென்றே தடுத்தேன். கவனக்குறைவு அல்ல. பழி வாங்கத்தான் செய்தேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. பொறியியல் மேற்படிப்பில் பாலம் கட்டும் பிரிவைக் கேட்டிருந்தேன்; கிடைத்தது நீர்வளம். ஆய்வுக்காக ஆலங்காயத்திலிருந்து மலையேறினேன். அந்த ஊருக்கு மேலே பாறைச் சரிவில் ஓர் ஊற்று இருந்தது. உச்சியில் மண்ணுக்குள் மறையும் ஓடைதான் அதில் வெளிவருகிறதா என்று அறிய, ஓடையில் பச்சைச் சாயம் கரைத்தேன். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் ஊற்று பச்சையாக வந்தது. மகிழ்ச்சியோடு ஓடிப் பார்க்கப் போனவனை ஊரே மறித்தது.

“தண்ணில இன்னா கலந்த?” என்றார் ஊர்க்கவுண்டர்.

“வெறும் சாயங்க. குடிச்சா ஒண்ணும் ஆவாதுங்க.”

“அப்ப குடி.”

ஒரு சொம்பு முழுக்கக் குடிக்க வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு புதரோரம் ஒதுங்கினால் சிறுநீரும் பச்சையாகப் போனது. அதைப் பார்த்துவிட்ட ஒருவன், “டேய், சாருக்குள்ளயே ஊத்து வந்துடுச்சிடா” என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னான். அதன்பின் அங்கே என் பெயர் பச்சை சார்.

இன்று எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. கவுண்டரைப் பார்த்தால் கை கும்பிடும். உனக்கு வைத்திருக்கிறேன் என்று மனம் சொல்லிக்கொண்டிருக்கும்.

சமயமும் வந்தது. எந்த ஊற்றிலிருந்து எந்த ஊருக்குக் குழாய் போடலாம் என்று ஓர் அரசு அலுவலகம் என் ஆய்வைக் கேட்டது. சித்திரை வெயிலிலும் அந்த ஊற்று மணிக்கட்டுப் பருமனில் ஓடியதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். ‘கோடையில் வற்றிவிடும்’ என்று எழுதினேன். எழுதும்போது இனித்தது. குழாய் வேறு ஊருக்குப் போனது. தெளிவான அறிக்கை என்று பாராட்டி எனக்கு அங்கேயே வேலையும் கொடுத்தார்கள்.

சில வருடங்கள் கழித்து வேறு வேலையாக மலைக்குப் போனேன். கவுண்டரின் மனைவி குடத்தோடு அந்தப் பாறையில் வழுக்கி விழுந்து, இடுப்பொடிந்து படுத்திருப்பதாகச் சொன்னார்கள். “போதும், உடுங்க, யாரு பெத்த புள்ளயோ” என்று, அந்தப் பச்சைத் தண்ணீரைக் குடித்த அன்று எனக்காகப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். பதவி உயர்வு நின்றது. அலைந்து திரிந்து அந்த ஊருக்குக் குழாய் போட அனுமதி வாங்கினேன். பிறகு கவுண்டர் வீட்டு வாசலில் நின்று, பொய் எழுதியது நான்தான் என்றேன்.

கவுண்டர் சொன்னார்: “நான் செஞ்சத ஊரு பாக்க செஞ்சேன். நீ ஒளிஞ்சிகினு செஞ்ச. உன் தண்ணி என் வூட்டுக்கு வாணாம்.”

குழாயில் தண்ணீர் வந்த அன்று தெருவெல்லாம் குடங்கள். அவர் மட்டும் தன் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, அதே நீருக்காகப் பாறை ஏறப் போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வெட்கம், பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வந்தது.