மாடு பார்க்கத் தெரிந்தவர் படகு வாங்கினால்...

போன வாரம் நண்பர் ஒருவர் என்னைப் பதுளை ஸ்டேஷன் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். தோட்டத்துத் துரை ஒருவர் பழைய மோட்டார் காரை விற்கிறாராம். நண்பர் காரைச் சுற்றி வந்தார். டயரை ஓங்கி ஓர் உதை உதைத்தார்.

"எதுக்குங்க உதைச்சீங்க?"

"தெரியலைங்க... எல்லாரும் உதைக்கிறாங்களே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அப்பா ஞாபகமும் வந்துவிட்டது. அவர் ஒரு பழைய படகை இப்படித்தான் வாங்கினார்.

பதுளையில் படகா? கடல் எங்கே, நாம் எங்கே? நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஊருக்கு ரயில் வராத காலம் அது. அப்பாவுக்கு மாட்டு வண்டித் தொழில். அரிசி ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்குப் போவார், தேயிலைப் பெட்டிகளோடு திரும்புவார். நானும் ஒரு வண்டி ஓட்டினேன்.

அக்காவை ஆற்றுக்கு அக்கரையில் ஒரு தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். அந்த வருஷம் வெள்ளம் மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. அக்காவுக்கோ தலைப்பிரசவம். தண்ணீர் குறைந்திருக்கும்போதே ஆள் இறங்கிக் கடப்பது பாடு, நிறைமாதக்காரி எப்படிக் கடப்பாள்? ஐப்பசி மழையும் தொடங்கிவிட்டால்? அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பஜாரில் கடை வைத்திருந்த காசிம் நானாவிடம் ஒரு படகு கிடந்தது. மட்டக்களப்புப் பக்கமிருந்து வண்டியில் ஏறி மலைக்கு வந்த படகு! ஆற்றோரத்தில் அவருக்கு இன்னொரு கடை இருந்தபோது சாமான் கொண்டுபோக வாங்கியது. அந்தக் கடையை மூடியதிலிருந்து கொல்லைப்புறத்தில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

அப்பா பார்த்தார் பாருங்கள்... முன்னால் நின்று பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். விலாவில் தட்டினார். முதுகைத் தடவினார். சுழி தேடாததுதான் பாக்கி.

"அண்ணே, இது மாடில்ல" என்று நானா சிரித்தார்.

"தெரியுது நானா. எதுக்கு விக்கிறீங்க, அதைச் சொல்லுங்க."

அது சரியான கேள்வி. பழைய சாமான் எதை வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது அதுதான். ஆனால் இன்னொன்றும் கேட்டிருக்க வேண்டும் – இது கடைசியாகத் தண்ணீரில் இறங்கியது எப்போது? மாட்டு வியாபாரத்தில் யார் அப்படிக் கேட்பார்கள்? அப்பாவும் கேட்கவில்லை. தெரியாத பொருளை வாங்கும்போது நாம் எல்லோருமே தெரிந்த பொருளைப் பார்க்கிற மாதிரிதானே பார்க்கிறோம்!

மறுநாள் ஆற்றில் இறக்கினோம். பலகைச் சந்துகளிலெல்லாம் தண்ணீர் பீறிட்டது.

"ஏமாத்திட்டாரே நானா!" என்று அப்பா கத்தினார். கோபம் பாதி, பயம் பாதி. மலைக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

அம்மா குனிந்து பலகையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நம்ம தண்ணிப் பீப்பா காஞ்சு கிடந்தா ஒழுகலையா? தண்ணிய ஊத்தி வச்சா பலகை ஊதி, தானா அடைச்சுக்குது. இதையும் ஊறப் போடுங்க."

"படகை ஊறப் போடுறதா? இது என்னடி, புளியா?"

ஆனாலும் ஊறப் போட்டோம். கரையோரத்தில் கல்லை ஏற்றி முழுக்கி, வண்டிக் கயிற்றால் மரத்தில் கட்டினோம். பஜார் முழுக்க ஒரே கேலி. ஆசையாக வாங்கின படகை அவரே முழுக்கிவிட்டாராம்! அப்பா விடிந்ததும் கோப்பிகூடக் குடிக்காமல் ஆற்றுக்கு ஓடுவார்.

ஒரு வாரம் கழித்துப் படகைத் தூக்கி, தண்ணீரை இறைத்தோம். இறக்கிப் பார்த்தால் உள்ளே லேசான கசிவு, அவ்வளவுதான். அப்பா நம்பவில்லை. இரு கரைக்கும் கயிறு கட்டினோம். அரிசி மூட்டைகளை ஏற்றி, கயிற்றைப் பிடித்து அக்கரைக்கும் இக்கரைக்கும் என்னை இழுக்கவைத்தார். மூட்டைகள் நனையாமல் வந்து சேர்ந்தன.

"வாடா, அக்காவைக் கூட்டிட்டு வந்துருவோம்."

ஆறு அதற்குள் கலங்கி ஏறத் தொடங்கியிருந்தது. அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் அவர் ஆற்றில் இறங்கி நான் பார்த்ததே இல்லை. அவர்தான் முதலில் ஏறினார்.

அக்கரையில் மச்சான் அக்காவைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டார்.

"ஒழுகாதுல்ல, அப்பா?"

"அதெல்லாம் நல்லா பாத்துட்டேன் தாயி. நீ அசையாம உக்காரு."

வழி நெடுக அவள் காலடியில் குந்தி, அடிப்பலகையில் உள்ளங்கையை அழுத்தியபடியே இருந்தார். தண்ணீர் வருகிறதா என்று அந்தக் கைதான் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் அந்த ஆற்றைப் பார்த்தால் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

கரை வந்தது. அம்மா ஓடி வந்து அக்காவை அணைத்து இறக்கினாள். நாங்கள் மேட்டில் ஏறிவிட்டோம். அப்பா மட்டும் இறங்கவில்லை.

"என்னங்க, வரலையா?" என்று அம்மா திரும்பிக் கேட்டாள்.

அப்பாவின் கால்கள் இரண்டும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.

"நீங்க போங்க... நான் படகை ஒருவாட்டி சரியாப் பாத்துட்டு வர்றேன்."