அலுமினியக் காரில் புகுந்த வீட்டுக்கு

பழைய கார்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறவர்கள் என்று இரண்டு பேர் வந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒருகாலத்தில் ஓட்டிய சீமைக் காரைப் பற்றிக் கேட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றேன். உங்களுக்கு ஏதாவது நினைவு இருக்கிறதா அம்மா என்றார்கள். இல்லை என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நினைவு இல்லாமல் இல்லை. வாயால் சொல்லக் கூச்சம். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். நான் ஐந்தாவது படித்தவள். தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் புதுச்சத்திரத்துக்கு உள்ளே. மெயின் ரோட்டிலிருந்து வண்டிப்பாதையில் போக வேண்டும். அப்பாவுக்குக் கொஞ்சம் மேட்டுக்காடு, ஒரு கிணறு. மாப்பிள்ளை சேலத்தில் கார் டிரைவர். முதலாளிக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம், ஃபேர்லேண்ட்ஸில் பங்களா. பங்களாவுக்குப் பின்னால் டிரைவருக்கு இரண்டு அறை கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் அங்கே இருந்தார்கள்.

முதலாளி கார் கொடுக்கிறார், பெண்ணைக் காரில் அழைத்துப் போகலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பெண் எவளும் காரில் போனதில்லை. மாட்டு வண்டிதான். அப்பா பேசாத மனிதர். அவரே கிணற்றடியிலும் டீக்கடையிலும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"என்ற பொண்ணு பிளசர்ல போகுது."

காரை எங்கள் ஊரில் பிளசர் என்றுதான் சொல்வார்கள். இதைக் கேட்டு அம்மாவே சிரித்தாள். அப்பா இப்படிப் பேசி யாரும் பார்த்ததில்லை.

கல்யாணம் காலையில் எங்கள் வாசலில் பந்தல் போட்டு நடந்தது. சாப்பாடு முடிந்தது. கார் மத்தியானம் வரும் என்றார்கள். காரை எடுத்துவர மாப்பிள்ளை பஸ்ஸில் சேலம் போனார். தாலி கட்டின கையோடு மாப்பிள்ளையே டிரைவர் வேலைக்குப் போகிறார் என்று என் மாமன் கேலி செய்தார். அம்மாவுக்குத் தம்பி அவர். எதையும் கேலி செய்யாமல் விடமாட்டார்.

கார் வந்த சத்தம் வண்டிப்பாதை முனையிலேயே கேட்டது. லாரி மாதிரி உறுமியது. ஊரே பந்தலை விட்டு ஓடியது. காரோடு சேர்ந்தே திரும்பி வந்தார்கள். முதலில் மாமன்தான் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க மாப்பிள்ள, மீதிக் காரு பின்னால வருதுங்களா?"

அதற்குப் பிறகு சிரிப்பு நிற்கவே இல்லை.

அந்தக் காருக்குக் கூரை இல்லை. கதவு இல்லை. சீட்டு இரண்டுதான். முன்பக்கம் நீளமாக இருந்தது. அதன்மேல் மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு தோல்வார். பின்பக்கம் ஒன்றுமே இல்லை, வாலை வெட்டியது போல முடிந்துவிட்டது. பெயின்ட்டும் இல்லை. வெறும் அலுமினியம். வெயிலில் கண் கூசியது.

பிற்பாடு என் வீட்டுக்காரர் எனக்கு விளக்கிச் சொன்னார். அடிச்சட்டமும் என்ஜினும் சீமையில் ஒரு பெரிய கம்பெனி செய்ததாம். மேல்கூட்டை மட்டும் வேறொரு சின்னப் பட்டறைக்காரர் தகட்டைக் கையால் அடித்துச் செய்தாராம். பந்தயத்தில் ஓட எடை குறைய வேண்டும். அதனால் கதவு வைக்கவில்லை, கூரை வைக்கவில்லை. அந்த மாதிரிக் கூடு போட்டது விரல்விட்டு எண்ணுகிற அளவுதானாம். முதலாளி அதைக் கப்பலில் வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமை தானே துடைத்துத் தானே ஓட்டுவார். டிரைவரைக்கூடத் தொட விடமாட்டார். என் வீட்டுக்காரர் தினமும் ஓட்டுகிற பெரிய கறுப்புக் கார் அன்றைக்கு ரிப்பேர். எத்தனையோ வருஷம் உழைத்த ஆளின் கல்யாணம் என்று, தன் உயிருக்குச் சமமான காரின் சாவியைக் கொடுத்தார். அது அவர் செய்த பெரிய மரியாதை.

எங்கள் ஊருக்கு அது எப்படித் தெரியும்? எங்களுக்கு அலுமினியம் என்றால் போசி, சோறு குழம்பு வைக்கிற பாத்திரம். பித்தளை வாங்க வக்கில்லாதவர்கள் புழங்குவது. கல்யாணச் சீரில் ஒரு அலுமினியக் கரண்டிகூட வைக்கமாட்டார்கள். வைத்தால் அவமானம். அம்மா எனக்குச் சீர் கொடுத்த குடம், அண்டா, தாம்பாளம் எல்லாம் பித்தளை. அவ்வளவையும் வாசலில் புளி போட்டு விளக்கி வைத்திருந்தாள். அதன் பக்கத்தில் இந்தக் கார் வந்து நின்றது.

"ஈயம் பூச மறந்துட்டாங்களாட்ட இருக்குதே," என்றாள் பக்கத்துக் காட்டுக்காரி.

"மழ வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"பொண்ணக் கீழ உக்கார வெச்சுக் காரத் தூக்கிக் கவுத்துக்குவாரு," என்றார் மாமன்.

மாப்பிள்ளை இறங்கி ஓரமாக நின்றார். பட்டு வேட்டி முழுக்கப் புழுதி. என்ஜினை அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சூட்டில் திரும்பக் கிளம்பாதாம். அது நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் காரைப் பார்க்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார், மறுபடி போட்டார்.

மாமன் அப்பா பக்கத்தில் போய், இந்தத் தடவை கேலி இல்லாமல் சொன்னார். "மாமா, வண்டியப் பூட்டச் சொல்லட்டுங்களா? பொண்ணு வண்டியில போகட்டும். இதுல ஏத்தி உட்டா ஊரே சிரிக்கும்."

வண்டியில் போனால் அப்பா சொன்ன சொல் போய்விடும். பிளசரில் போகும் என்று ஊரெல்லாம் சொன்னவர். இதில் ஏறினால் நான் சேலையைத் தூக்கிக் காலை வீசித்தான் ஏற வேண்டும். பக்கவாட்டுத் தகடு என் முழங்காலுக்கு மேல் இருந்தது. பெரியவர்கள், ஆண்கள், அத்தனை பேர் முன்னால்.

அப்பா என் பக்கம் வந்தார்.

"ஏறு சாமி. வலது கால முன்னால வெய்யி."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை ஒரு அடி முன்னால் வந்தார். வாயைத் திறந்தார்.

"அது... இல்லீங்க..."

"மாப்பிள்ளைக்கு அவசரத்தப் பாருங்க," என்றார் மாமன். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார்.

நான் சேலையைக் கெண்டைக்காலுக்கு மேல் தூக்கினேன். வலது காலை எடுத்து உள்ளே வைத்தேன். என் காலை அப்படி வெளியில் யாரும் பார்த்ததில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

அந்தக் காரில் டிரைவர் உட்காருவது இடது பக்கம். வலது பக்கமிருந்து ஏறுகிறவர் இடது காலைத்தான் முதலில் வைக்க வேண்டும். வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து மற்ற காலை இழுத்துக்கொள்ளலாம். வலது காலை வைத்தால் உடம்பு எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். எனக்குத் திரும்ப இடமில்லை. வெளியே இருந்த இடது கால் தகட்டோடு சாய்ந்தது. அங்கே தடிமனான ஒரு குழாய் ஓடியது. புகைக் குழாய். சேலத்திலிருந்து ஓடி வந்த சூடு அதில் இருந்தது.

கெண்டைக்கால் அதில் ஒட்டியது.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அப்பா அதோடு முடிந்திருப்பார். காலைப் பிய்த்து உள்ளே போட்டுச் சீட்டில் விழுந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. புகுந்த வீட்டுக்குப் போகிற பெண் அழுவது வழக்கம்தானே.

"அழுவட்டும், அழுவட்டும். நல்லதுதான்," என்றாள் ஒரு கிழவி.

அம்மா குனிந்து என் முகத்தைத் துடைத்தாள். கார் அவ்வளவு தாழ்வு. என் தலை நின்றவர்களின் இடுப்புக்குத்தான் இருந்தது. காலைத் தொங்கவிட முடியாது. நீட்டித்தான் உட்கார வேண்டும். கட்டிலில் படுத்த மாதிரி, புதுப்பெண், புருஷன் பக்கத்தில், ஊர் முன்னால். சீர்ச்சாமான் வைக்க அதில் இடம் இல்லை. அது வண்டியில் பின்னால் வரட்டும் என்றார்கள்.

கிளம்பினோம். மெயின் ரோடு ஏறியதும் காற்று அடித்தது. தலைப்பூ பறந்தது. ரோட்டோரம் வண்டிக்காரர்கள் எழுந்து நின்று கூவினார்கள். ஆண்டகளூர் கேட்டில் ஒரு லாரிக் கிளீனர் தொங்கியபடியே கத்தினான். "அண்ணே, போசிக்குள்ள என்ன, பொண்ணா?"

நாங்கள் இரண்டு பேரும் அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினது இல்லை. பெண் பார்க்க வந்த அன்றும் இல்லை. கால் எரிகிறது என்று எப்படிச் சொல்வது? அவரும் திரும்பவில்லை. மல்லூர் தாண்டும்போது ஒருதரம் என் காலைப் பார்த்தது தெரிந்தது. நான் சேலையை இழுத்து மூடினேன்.

ஃபேர்லேண்ட்ஸ் வந்தது. பங்களா கேட்டில் முதலாளியும் அவர் வீட்டம்மாவும் நின்றார்கள். முதலாளி கையில் போட்டோ மிஷின். பின்னால் மாமியார் ஆரத்தித் தட்டோடு. மாமியாரின் அக்காவும் இருந்தாள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர், சமையல்காரர் எல்லோரும் கூடியிருந்தார்கள்.

இறங்கினேன். அது வேறு ஒரு கூத்து. அதை எழுதவில்லை. நடந்தேன். இடது காலை ஊன்ற முடியவில்லை. நொண்டினேன்.

மாமியாரின் அக்கா முதலில் பார்த்தாள்.

"ஏன்டி, பொண்ணு நொண்டுதே!"

மாமியார் தட்டை இறக்கிப் பிடித்து என் நடையைப் பார்த்தாள். முட்டிவலி என்று அவள் பெண் பார்க்க வரவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை. பெண் பார்க்க மட்டும் வந்த அக்காவும் என்னைப் பாயில் உட்கார்ந்தபடியேதான் பார்த்திருந்தாள்.

"மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்கடி. அதான் அந்த மனுசன் வாயே தொறக்கல. பிளசரு பிளசருன்னு நம்ம கண்ணக் கட்டிட்டாங்க."

அந்த மனுசன் என்றது என் அப்பாவை. ஊர் முன்னால் கேலியைத் தாங்கினதெல்லாம் அவர் சொல்லுக்காக. இங்கே அவரை ஏமாற்றுக்காரர் ஆக்கிவிட்டார்கள். வாயால் சொன்னால் நம்புவார்களா? புதுப்பெண் வாசலில் நின்று வாயாடினாள் என்றுதான் ஆகும்.

குனிந்தேன். சேலையைப் பிடித்தேன். முதலாளி, சமையல்காரர், தோட்டக்காரர், எல்லோரும் நின்றார்கள். கெண்டைக்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினேன். அன்றைக்கு இரண்டாவது தடவை.

தோல் வழன்று சிவப்பாக இருந்தது. சேலை கொஞ்சம் ஒட்டியிருந்தது, அதையும் பிரித்தேன்.

முதலாளி போட்டோ மிஷினைக் கீழே இறக்கினார். "ஐயையோ, குழாய் சுட்டுட்டதா?" என்றார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "இடது காலை முதலில் வைக்கணும்னு சொல்லலையாப்பா?" என்றார்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கல்யாணப் பொண்ணுகிட்ட எப்படிங்க சொல்றது, இடது கால வெய்யின்னு? அதும் அவங்க அப்பா வலது காலுன்னு சொன்னதுக்கப்புறம்?"

முதலாளிக்கு முகம் சிவந்தது. காரைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். போட்டோ எடுக்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று.

மாமியார் அவசரமாக ஆரத்தி சுற்றிக் கொட்டினாள். வாசற்படியில் வலது காலைத் தூக்க வேண்டும். தூக்கினால் பாரம் முழுக்க இடது காலில். மாமியார் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "எந்தக் காலையாவது வெய்யி கண்ணு, வா," என்றாள். அவள் அக்கா ஏதோ சொல்ல வந்தாள். மாமியார் திரும்பிப் பார்த்தாள். அக்கா குனிந்து தட்டை எடுத்துக்கொண்டாள்.

சோற்றுக்கற்றாழை வைத்துக் கட்டினார்கள். நான் காலைப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்த காலை நானும் எதற்குப் பார்ப்பது என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவீட்டுக்கு அழைக்க அப்பா வந்தார். பஸ்ஸில் வந்து விசாரித்து விசாரித்து நடந்து வந்திருந்தார். நான் சேலையைத் தரை கூட்டுகிற மாதிரி இறக்கிக் கட்டிக்கொண்டேன். அவர் வந்த நேரம் எழுந்து நின்றேன், நடக்கவில்லை. மாமியாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதீங்க அத்தை என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்லாப் போயிச் சேந்தீங்களா சாமி?"

"நல்லா வந்தோமுங்க."

அப்பாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஊரில் இன்னும் அந்தப் பேச்சுதான் என்றார். பிறகு ஷெட்டில் நின்ற காரைப் பார்க்கப் போனார். மாப்பிள்ளை கூடப் போனார். நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

அப்பா காரைச் சுற்றி வந்தார். வலது பக்கம் குனிந்தார். குழாய்மேல் கையை வைத்தார்.

"இது என்னங்க மாப்பிள்ள?"

"பொகக் கொழாயிங்க மாமா."

"சுடுமுங்களா?"

"ஓடினா சுடுமுங்க," என்றார்.

அப்பா கையை எடுக்கவில்லை. "இதுல எப்படி ஏறோணும்?"

மாப்பிள்ளை பொய் சொல்லத் தெரியாதவர். இடது காலைத் தூக்கி உள்ளே வைத்துக் காட்டினார்.

அப்பா நிமிர்ந்து கதவுப் பக்கம் பார்த்தார். நான் நகர்ந்தேன். நகர்ந்ததில் கால் இழுத்தது. அவர் அதைப் பார்த்தார்.

என்னை ஒன்றும் கேட்கவில்லை. வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். மறுவீட்டுக்கு வண்டி அனுப்புகிறேன், அதில் வாங்க என்று மாமியாரிடம் சொன்னார். கிளம்பும்போது முதலாளி பங்களாவிலிருந்து வெளியே வந்தார். அவருக்கும் மனசு உறுத்தியிருக்கும். பெரியவரைக் காரிலேயே பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வாப்பா என்றார்.

அப்பா முதலாளிக்குக் கும்பிடு போட்டார்.

"நடந்தே போயிக்கறேனுங்க," என்றார்.

மாப்பிள்ளை கூடவே போனார். இரண்டு பேரும் ரோட்டோரமாகப் போனதைப் பார்த்தேன். திரும்பும் முனையில் அப்பா நின்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நல்ல வெயில், வேர்வையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.