முட்டை குடிக்காத கோழி

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவின் கோழி செத்தது என்னால்தான். கத்தியை நான் தொடவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்... அது போதுமாக இருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கோழிதானே என்றுதான் நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை. ஃபாதர் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். சிரிக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அதைவிடப் பெரியது!

லிங்கராஜபுரத்தில் எங்கள் சந்தில் வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். எனக்கும் ஸ்டெல்லா அக்காவுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். அக்கா அந்தக் கோழிக்குக் கூடையில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்குப் போட்டு, ராஜமரியாதையாய் இடம் செய்து வைத்திருந்தார். கோழி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரேறிக் குதித்து, என் வீட்டுப் பின்கட்டில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால், பழைய துணி போட்டிருந்த அட்டைப் பெட்டியில் போய் உட்கார்ந்தது. இருட்டும் வெதுவெதுப்பும் ஆள் தொந்தரவில்லாத மூலையும் கிடைத்தால் கோழிக்கு அதுதான் வீடு.

முதல் முட்டையை எடுத்தபோது உள்ளங்கையில் சூடாக இருந்தது. திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் அன்று மகனுக்கு ஆஃப்பாயில் போட்டுவிட்டேன். என் வீட்டில் இட்டது என் முட்டைதானே? இப்படி ஒரு சட்டம் நானே எழுதி நானே கையெழுத்தும் போட்டேன்.

அதோடு நின்றிருந்தால் ஆசை என்று சொல்லலாம். நான் நிற்கவில்லை. எல்லா முட்டையையும் எடுத்துவிட்டால் கோழி இடத்தை மாற்றிவிடும். ஆகவே ஒன்றை மட்டும் அடையாளத்துக்குப் பென்சிலால் கோடு போட்டு, பெட்டியிலேயே விட்டு வைத்தேன். முட்டையிட்ட கோழி சும்மா இருக்காது, கொக்கரித்து ஊரைக் கூட்டும். அது வாயைத் திறப்பதற்குள் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுவேன். அங்கே போய்க் கொக்கரிக்கும். பாவம் அக்கா, தன் வீட்டு மூலை முடுக்கெல்லாம் குனிந்து குனிந்து தேடுவார். அலுவலக ஆன்லைன் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வழியே அதையும் பார்த்தேன்... நான் எப்படிப்பட்டவள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அக்காவின் மகள் ஷீபா அப்போது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அந்த நாட்டுக்கோழி முட்டை அவளுக்காக. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் எடுத்தேன்.

ஒருநாள் அக்கா கறிவேப்பிலை பறிக்க வந்தார். உரத்துக்காகத் தொட்டியில் நான் நொறுக்கிப் போட்டிருந்த ஓடுகளைக் கண்டார். கடை முட்டையின் வெள்ளை ஓடு இல்லை, மங்கிய பழுப்பு ஓடு.

"என்னாம்மா ரீட்டா, இது நம்ம கோழி முட்டை மாதிரி இருக்குதே?" என்றார். குரலில் துளிச் சந்தேகம் இல்லை.

நாட்டு முட்டை நானும் வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை. "உங்க கோழி இங்க வந்து முட்டை போட்டு அதுவே கொத்திக் குடிச்சிடுதுக்கா. என் கண்ணால பார்த்தேன்" என்றேன்.

கோழி வளர்ப்பவர்களுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். தன் முட்டையைத் தானே குடித்து ருசி கண்ட கோழியை வைத்திருக்க மாட்டார்கள். மற்றவையும் கற்றுக்கொள்ளும் என்பார்கள். எனக்கு இது தெரியாதா? தெரியும். மறுநாளே உண்மையைச் சொல்லியிருந்தால்கூட அது பிழைத்திருக்கும். ஞாயிறு வரை அது உயிரோடுதான் இருந்தது, என் பெட்டிக்கும் வந்து போனது...

ஞாயிறு பூசை முடிந்து அக்கா ஒரு கிண்ணம் குழம்போடு வந்தார். கண் சிவந்திருந்தது.

"அறுத்தா உள்ள ஒரு முட்டை இருந்துச்சு ரீட்டா. ஓடு கட்டின முட்டை. நல்லவேளை நீ சொன்ன, இல்லேன்னா இதையும் குடிச்சிருக்கும்."

என் பொய்க்கு அக்காவே சாட்சி கண்டுபிடித்துவிட்டார்! குழம்பை வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டோம். ருசியாக இருந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

அன்றிலிருந்து சந்தில் நான் கோழி விஷயம் தெரிந்தவள். போன வாரம் கோடி வீட்டு நிர்மலா தன் கோழியை இடுக்கிக்கொண்டு அக்காவிடம் வந்தாள். கொக்கரிக்கிறது, முட்டையைக் காணோம் என்றாள். அக்கா சுவர் வழியாக என்னைக் கூப்பிட்டார். "இவளைக் கேளு. என் கோழிய இவதான் கண்டுபிடிச்சா."

"குடிக்குதாக்கா? அறுத்துடட்டுமா?" என்று நிர்மலா கேட்டாள்.

இன்னும் கொஞ்சம் தேடிப் பார் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால், என் கோழிக்கு ஏன் அப்படிச் சொல்லவில்லை என்று அக்கா கேட்பாரே... அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவு நம்பிக்கையோடு.

நான் தலையாட்டினேன். நிர்மலா தன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கோழியை அணைத்தபடி நேராகக் கறிக்கடைக்கு நடந்தாள்.