வெள்ளை முகக் கன்று

உருகுவே நாட்டின் வடக்கில் என் பக்கத்துப் பண்ணைக்காரி ஆர்தேமியா. அவள் கணவனுக்கு வெள்ளை முக ஹெர்போர்டு மாடுகள்தான் உயிர். பண்ணையை இயற்கை முறை இறைச்சிக்கென்று பதிந்த பிறகு, உண்ணிக்கு மருந்தடிக்கக் கூடாது. அவன் இறந்த கோடையிலேயே உண்ணிக் காய்ச்சலில் பாதி மந்தையும் போனது. இரண்டுக்கும் அவள் அழவில்லை. உண்ணியைத் தாங்கும் திமில் காளை ஒன்றை வாங்கி வந்தாள்.

என் வாய் சும்மா இருக்காது. “உன் புருஷன் பார்த்தா உயிரை விட்ருவான்,” என்றேன்.

“அதான் விட்டுட்டானே.”

முதல் கலப்புக் கன்று பிறந்தது. காளையைப் போலவே தொங்கு காது. முகம் மட்டும் வெள்ளை.

“ஆணா, பொட்டையா?” என்று என்னிடம் கேட்டாள்.

“ஆண்,” என்றேன்.

“அப்ப கறிக்கு,” என்றாள். துடைத்துச் சுத்தமாகிவிட்ட அந்த முகத்தை அவள் கை துடைத்துக்கொண்டே இருந்தது.