யானை முடி என்று வந்த முடி

1. விழுந்ததா, வெட்டினதா?

இலங்கை மலையகத்து ஹட்டன் பஜாரில் நகைக்கடைப் பட்டறையில் நான் உட்கார்ந்த முதல் நாள், நிசாம் முதலாளி என் கையில் தங்கத்தைத் தரவில்லை. ஒரு கறுப்பு முடியைத் தந்தார்.

“இது விழுந்ததா, வெட்டினதா, சொல்லுங்க பத்தர்.”

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு அவரே விளக்கினார். தானாக உதிர்ந்த முடியின் அடியில் சின்னக் குமிழ் இருக்கும். வெட்டிய முடியின் அடி தட்டையாக இருக்கும். பயம் போக யானை முடி மோதிரம் கேட்டு வருகிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எந்த மிருகத்தின் முடியானாலும் வெட்டியது கடைக்குள் வரக்கூடாது என்பது முதலாளியின் சட்டம்.

“வெட்டினவன் அந்தச் சீவன உயிரோட விட்டானான்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்பார்.

அன்று பிடித்த முடிப் பைத்தியம் எனக்கு இன்னும் விடவில்லை. குதிரை வால் முடி நூலாக வளையும். மரைமான் முடி மளுக்கென்று ஒடியும். சோற்றில் முடி கிடந்தால் மற்றவர்கள் தட்டை ஒதுக்குவார்கள், இவர் மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

2. செல்வமணியின் பொட்டலம்

போன மழை விட்ட கையோடு செல்வமணி கடைக்கு வந்தார். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். காட்டோரத்து மலையில் கொழுந்து எடுக்கும்போது, தேயிலைச் செடிக்கடியில் படுத்திருந்த சிறுத்தையை நேருக்கு நேர் பார்த்துவிட்டார். அது எழுந்து அதன் பாட்டுக்குப் போய்விட்டது. இவர் பயம்தான் போகவில்லை. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் அந்த மலைக்கு ஆள் பிரித்தால், இவர் லயத்து வீட்டுக்கே திரும்பிவிடுகிறார்.

“இப்பிடியே நின்னா பேர வெட்டிருவாங்க அண்ணே. ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க. இந்த யானை முடியில ஒரு மோதிரம் கட்டிக் குடுங்க. எங்க மச்சான் குடுத்தாரு.”

பொட்டலத்தில் நாலைந்து முடி. பூதக்கண்ணாடியை வைத்து அடியைப் பார்த்தேன். குமிழ் இருந்தது. உதிர்ந்த முடிதான். சந்தோஷமாக நுனியைப் பார்த்தேன். மூன்றாகப் பிரிந்திருந்தது.

யானை முடி இதைவிட மொத்தமாக இருக்கும், நுனியும் இப்படிப் பிரியாது. இது காட்டுப்பன்றியின் முதுகு முடி.

எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. சொன்னால் அவருக்கு இருக்கிற கொஞ்சத் தைரியமும் போகும். சொல்லாவிட்டால் பொய்யை விரலில் மாட்டிக்கொண்டு அந்த மலைக்குப் போவார். சொல்லிவிட்டேன்.

செல்வமணி அங்கேயே மச்சானுக்குப் போன் போட்டார். மச்சான் கொஞ்ச நேரம் மழுப்பினார். பிறகு, காட்டோரத்து மலையில் நிற்கும் சவுக்கு மரத்துப் பட்டையிலிருந்து எடுத்ததாக ஒப்புக்கொண்டார். பயம் தெளியட்டும் என்றுதான் யானை என்றாராம்.

போனை வைத்துவிட்டு செல்வமணி அந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏண்ணே, பன்னி எதுக்கு மரத்துக்கிட்ட வருது?”

“முதுகு தேய்க்கத்தான். தெனமும் வரும்.”

“சிறுத்த இருக்கிற அதே மலையிலயா?”

“அதே மலையிலதான்.”

“அப்ப இதையே கட்டுங்க.”

3. கடைக்கு வெளியே ஒரு மோதிரம்

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் முகம் சுளிக்கவில்லை. நாற்காலியை மட்டும் இரண்டடி பின்னால் தள்ளிக்கொண்டார்.

“பன்னி முடி நம்ம மேசைக்கு ஆகாது பத்தர், உங்களுக்கே தெரியும். வெள்ளிய எடுத்துட்டுப் போயி வீட்டுல செஞ்சு குடுங்க. பாவம், அந்தப் புள்ள வேலைக்குப் போகணும்.”

நான் பொட்டலத்தை மடித்துக்கொண்டு எழுந்தேன். வாசலைத் தாண்டும்போது அவருக்குப் பொறுக்கவில்லை.

“விழுந்ததா, வெட்டினதா?”

“விழுந்தது முதலாளி.”

“அப்ப சரி.”

முடிக்கும் நெருப்புக்கும் ஆகாது. அதனால் வெள்ளி வளையத்தை நடுவில் பள்ளம் விட்டு முதலில் நெருப்பில் ஊதி ஒட்டி முடித்து, நன்றாக ஆறவிட்டேன். முடியை வெந்நீரில் ஊறவைத்துப் பள்ளத்துக்குள் சுற்றி, ஓரத்து வெள்ளியை மெல்லத் தட்டி மடக்கினேன். யானை முடியில் செய்ததைவிட இது அழகாகவே அமைந்தது. வெளிச்சத்தில் செம்பட்டையாக மின்னியது.

சில வாரம் கழித்து யாரோ கடை வாசலில் நின்று கூப்பிட்டார்கள். செல்வமணி. விரலில் மோதிரம். அவர் உள்ளே வரவில்லை. காரணம் கையில் இருந்த கைக்குட்டையில் இருந்தது. பிரித்துக் காட்டினார். கொத்தாகப் பன்றி முடி.

“பெரட்டுல இன்னும் நாலு பேரு கேக்குறாங்கண்ணே.”

“மச்சான் எடுத்துக் குடுத்தாரா?”

“அவரு எதுக்கு? சிறுத்த வெலகட்டும்னு எல்லாரும் தகரத்தத் தட்டிக்கிட்டு அந்த மரத்தடிக்குப் போனோம். நான்தான் முன்னால போனேன்.”

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். முடியின் அடியையும் பாருங்கள், நுனியையும் பாருங்கள். பார்த்ததை அப்படியே வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். அன்றைக்கு நானும் யானை என்றே சொல்லியிருந்தால், செல்வமணி அந்தச் சவுக்கு மரத்தடிக்குப் போயிருக்கவே மாட்டார்.